தளர்ந்த உள்ளத்தோடு பேசக் கற்பது: திருப்பாடல் 42, 43 ஒரு பயிற்சியாக

ஞான ஒடுக்கங்களில் மற்றவர்களை வழிநடத்தும் பணியில் திருப்பாடல்கள்தாம் அன்றாடக் கருவி. கத்தோலிக்கர் திருப்பாடல் என்றும், சீர்திருத்தச் சபையினர் சங்கீதம் என்றும் அழைக்கும் அந்த 150 பாடல்களை ஒடுக்கத்துக்கு வரும் எவரும் ஓரளவு அறிந்தே வருகிறார். ஆனால் அவர் அறிந்திருப்பவை பெரும்பாலும் தனித்தனி வசனங்கள். நாள்காட்டித் தாளிலும் வீட்டுச் சுவரிலும் காலையில் கைப்பேசிக்கு வந்து சேரும் வாழ்த்துப் படத்திலும் பார்த்துப் பழகிய ஆறுதல் வசனங்கள் அவை. அந்த வசனம் பாடலின் எந்த இடத்தில் நிற்கிறது, அதற்கு முன்னால் பாடியவர் எதைச் சொல்லி அழுதார், அதைச் சொன்ன பிறகு அவர் மனம் தேறியதா என்ற கேள்விகள் எழுவதே இல்லை. நல்ல வசனம் கிடைத்தால் போதும் என்ற இந்தப் பழக்கம்தான் திருப்பாடல்களின் பயனைப் பாதியாகக் குறைக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஒரு திருப்பாடல் நம் அகத்துக்கு வழிகாட்டுவது அதன் வரிசையால். யார் யாரிடம் பேசுகிறார், பேச்சு எந்த இடத்தில் திசை திரும்புகிறது, எது மீண்டும் மீண்டும் வருகிறது, எது தீர்க்கப்படாமலே நிற்கிறது என்பவற்றைப் பின்தொடர்ந்தால்தான் பாடல் நம்மைப் பயிற்றுவிக்கும். இதற்கு 42, 43ஆம் பாடல்களைவிடத் தெளிவான சான்று திருப்பாடல் நூலில் இல்லை என்பதால் அவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

இவ்விரண்டும் ஒரே பாடல் என்று கொள்வதற்கு வலுவான காரணங்கள் உண்டு. ஒரே பல்லவி 42ஆம் பாடலின் 5ஆம், 11ஆம் வசனங்களிலும் 43ஆம் பாடலின் 5ஆம் வசனத்திலும் வருகிறது. கோராகியர் என்னும் கோவில் பாடகர் குழுவின் பெயர் 42இன் தலைப்பில் இருக்கிறது. 43க்குத் தலைப்பே இல்லை. பல எபிரேயக் கையெழுத்துப் படிகள் இரண்டையும் சேர்த்தே எழுதியிருக்கின்றன. திருப்பாடல் நூலை ஐந்து பகுதிகளாகப் பிரிப்பது பழைய மரபு. அவற்றில் இரண்டாம் பகுதி இந்தப் பாடலோடுதான் தொடங்குகிறது. வழிபாட்டிலும் இதற்குப் பெரிய இடம் உண்டு. 1960களின் சீர்திருத்தம் வரை, வழக்கமான இலத்தீன் திருப்பலியில் குரு 43ஆம் பாடலைச் சொல்லித்தான் பீடத்தை நெருங்கினார். பாஸ்கா திருவிழிப்பில் திருமுழுக்கு நடக்கும்போது இன்றும் 42ஆம் பாடல் ஒலிக்கிறது. ஆனால் அதன் முதல் வசனம் மட்டும் தனியே புகழ் பெற்றதில் ஒரு விபரீதம் நேர்ந்துவிட்டது. உரோமை நகரின் புனித கிளமென்ட் ஆலயத்தில் 12ஆம் நூற்றாண்டில் பதிக்கப்பட்ட வண்ணக்கல் ஓவியத்தில் சிலுவையின் அடியில் மான்கள் நீர் அருந்துகின்றன. அழகான ஓவியம்தான். பாடலில் வரும் மானுக்கோ நீர் கிடைக்கவில்லை. அது நீரைத் தேடித் தவிக்கிறது. அந்தத் தவிப்பில்தான் பாடல் தொடங்குகிறது.

முதல் பகுதியை நெருங்கிப் பார்ப்போம். பாடகர் முதலில் கடவுளை நோக்கிப் பேசுகிறார். உடனே கடவுளைப் பற்றிப் பேசுகிறார். அவர் திருமுன் எப்போது போய் நிற்பேன் என்று கேட்கிறார். பிறகு தன் நிலையைச் சொல்கிறார். இரவும் பகலும் கண்ணீரே உணவாகிவிட்டது. சுற்றியிருப்பவர்களோ உன் கடவுள் எங்கே என்று நாள் முழுவதும் கேட்கிறார்கள். அதன்பின் நினைவு வருகிறது. திருவிழாக் கூட்டத்தோடு, ஆரவாரத்தோடு, கடவுளின் இல்லத்துக்கு நடந்து போன நாள்களை அவர் நினைக்கிறார். நினைக்க நினைக்க உள்ளம் உடைந்து கொட்டுகிறது. ஆன்மிக நூல்கள் பலவும் நல்ல நாள்களை நினைத்தால் மனம் தேறும் என்று எளிதாகச் சொல்லிவிடும். இந்தப் பாடல் நேர்மையாக வேறொன்றைக் காட்டுகிறது. இழந்ததை நினைப்பது முதலில் வலியைக் கூட்டும். முன்பெல்லாம் செபம் இனித்தது, கோவிலுக்குப் போனால் கண் நிறைந்தது, இப்போது எதுவும் இல்லை என்று சொல்பவரின் நினைவும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். அவர் நினைப்பது கடவுளை இல்லை, கடவுளோடு தனக்கிருந்த நல்ல அனுபவத்தை. பாடல் இந்த வேறுபாட்டை உபதேசமாகச் சொல்வதில்லை. அடுத்த அடியில் செய்து காட்டுகிறது.

அந்த அடிக்கு முன்னால் பல்லவி வருகிறது. பாடகர் தன் உள்ளத்தைப் பெயர் சொல்லி விளிப்பதுபோல் விளித்து, ஏன் தளர்ந்துபோனாய், ஏன் எனக்குள் கலங்குகிறாய் என்று கேட்டு, கடவுளை நம்பியிரு, இன்னும் அவரைப் புகழ்வேன் என்று சொல்கிறார். வசனத்தைத் தனியே எடுப்பவர் இங்கே நிறுத்திவிடுவார். தொடர்ந்து படிப்பவருக்குத்தான் அதிர்ச்சி காத்திருக்கிறது. அடுத்த வசனத்தின் முதல் சொற்களே தன் உள்ளம் தளர்ந்திருக்கிறது என்ற ஒப்புதல். ஆக, பல்லவி பலிக்கவில்லை. நம்பியிரு என்று சொல்லி முடித்த வாய் மூடுமுன்பே தளர்ச்சி அப்படியே இருக்கிறது. இந்த ஒரு சந்திப்பை, 5ஆம் வசனத்தின் முடிவும் 6ஆம் வசனத்தின் தொடக்கமும் உரசும் அந்த இடத்தை, நிதானமாகப் பார்க்கச் சொல்வதுதான் வழிநடத்துபவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. செபித்தும் மனம் மாறவில்லையே என்று வெட்கப்படுபவருக்கு, திருநூலே அந்த நிலையை எழுதி வைத்திருக்கிறது என்பது தெரிய வேண்டும். ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. தளர்ந்திருப்பதால் உம்மை நினைக்கிறேன் என்கிறார் பாடகர். முன்பு திருவிழாவை நினைத்தவர் இப்போது கடவுளை நினைக்கிறார். உணர்ச்சி மாறாமலே கவனம் இடம் மாறிவிட்டது. பல்லவி செய்த வேலை அதுதான்.

அவர் எங்கிருந்து நினைக்கிறார் என்பதும் கவனிக்கத்தக்கது. யோர்தான் நிலம், எர்மோன், மீசார் என்று பாடல் இடங்களைச் சொல்கிறது. எர்மோன் மலை 2,814 மீட்டர் உயரம். அதன் பனி உருகி அடிவாரத்தில் ஊற்றுகளாகப் பீறிட்டு அருவிகளாகக் கொட்டி யோர்தானுக்குப் பிறப்பளிக்கிறது. எருசலேமிலிருந்து 150 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அந்தப் பகுதி, அந்நாட்டிலேயே நீர் வளம் மிகுந்த இடம். மானைப்போல் தாகத்தால் தவிப்பவர் நிற்பது நீர் இரையும் இடத்தில். அங்கே அருவியின் இரைச்சல் ஆழத்தை ஆழம் கூப்பிடுவதுபோல் அவருக்குக் கேட்கிறது; அலைகள் எல்லாம் தன்மீது புரண்டு போயின என்கிறார். முதலில் நீரின்மையால் துன்பம், இப்போது நீர் மிகுதியால் துன்பம். வறட்சியும் மூழ்குதலும் ஒரே ஆளுக்கு ஒரே காலத்தில் நேரும் என்பதை உள்வாழ்வில் பழகியவர்கள் அறிவார்கள். ஒன்றும் உணராமல் மரத்துப்போயிருப்பதும் தாங்க முடியாத அளவுக்கு உணர்வதும் அடுத்தடுத்து வரும். ஆனால் பாடகர் அந்த அலைகளை உம் அலைகள் என்று கடவுளிடமே சொல்கிறார். மூழ்கடிப்பவை யாருடையவை என்று தெரிந்த பிறகு, மூழ்குவதுகூட உறவுக்கு வெளியே நடப்பதாக இருக்க முடியாது. அதனால்தான் அடுத்த இரண்டு வசனங்களும் அருகருகே நிற்க முடிகிறது. பகலில் கடவுள் தம் பேரன்பை அனுப்புகிறார், இரவில் அவருடைய பாடல் தன்னோடு இருக்கிறது என்பது ஒன்று. அந்த மூச்சிலேயே, தன் கற்பாறையான கடவுளிடம் ஏன் மறந்துவிட்டீர் என்று கேட்பது மற்றொன்று. நம்பிக்கையும் முறையீடும் ஒன்றையொன்று விழுங்கவில்லை. பகைவரின் ஏளனம் எலும்பை உடைப்பதுபோல் மீண்டும் வருகிறது. பல்லவியும் மீண்டும் வருகிறது.

மூன்றாம் பகுதியில், அதாவது 43ஆம் பாடலில், பேச்சின் தன்மையே மாறுகிறது. இதுவரை புலம்பியவர் இப்போது கேட்கத் தொடங்குகிறார். எனக்கு நீதி வழங்கும், என் வழக்கை எடுத்து நடத்தும், உம் ஒளியையும் உண்மையையும் அனுப்பும், அவை என்னை உம் திருமலைக்கு நடத்திச் செல்லட்டும் என்பவை விண்ணப்பங்கள். ஏன் ஒதுக்கிவிட்டீர் என்ற கேள்வி இங்கும் உண்டு. துயரத்தோடு நடமாடுவதும் இங்கும் உண்டு. ஆனால் முதல் இரண்டு பகுதிகளிலும் ஒலித்த பகைவரின் ஏளனக் கேள்வி இங்கே இல்லை. பகைவர் போய்விடவில்லை, அவர்கள் கேள்வியின் பிடி தளர்ந்துவிட்டது. கடவுள் எங்கே என்ற கேள்விக்குப் பாடகர் எந்த வாதமும் வைக்கவில்லை. அவர் இருக்கும் இடத்துக்கு என்னை நடத்திச் செல்லும் என்று கேட்பதே அவர் தரும் பதில். பிறகு பீடத்தை அடைவேன், யாழிசைத்துப் புகழ்வேன் என்று எதிர்காலத்தில் பேசுகிறார். அங்கே பாடல் முடிந்திருந்தால் வெற்றிப் பாடலாக இருந்திருக்கும். முடியவில்லை. பல்லவி மூன்றாம் முறையாக வருகிறது, உள்ளத்தின் தளர்ச்சியைப் பற்றிய அதே கேள்வியோடு. பாடல் முடியும்போது பாடகர் எருசலேமில் இல்லை. நின்ற இடத்திலேயே நிற்கிறார். மாறியிருப்பது அவர் முகம் திரும்பியிருக்கும் திசை.

மூன்று பகுதிகளையும் சேர்த்து வைத்தால் ஒரு வரைபடம் கிடைக்கிறது. முதல் பகுதி கடந்த காலத்தில் மூழ்கியிருக்கிறது. இரண்டாவது நிகழ்காலத்தின் வெள்ளத்தில் நிற்கிறது. மூன்றாவது வருங்காலத்தை நோக்குகிறது. மனித உணர்வைப் பற்றி ஆழமாகச் சிந்தித்த புனித அகுஸ்தீன் காலம் என்பது என்ன என்று ஆராய்ந்தபோது, தம் ஒப்புகைகள் நூலின் 11ஆம் புத்தகத்தில் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு ஒரு பாடலை மனப்பாடமாகச் சொல்வதுதான். சொல்லத் தொடங்குமுன் பாடல் முழுவதும் எதிர்பார்ப்பில் இருக்கிறது. சொல்லச் சொல்ல அது நினைவுக்குள் போய்ச் சேர்கிறது. கவனம் மட்டும் நிகழ்கணத்தில் நின்று ஒன்றை மற்றொன்றாகக் கடத்துகிறது. ஒரு பாடலுக்கு நடப்பதுதான் ஒரு மனிதரின் வாழ்க்கை முழுவதற்கும் நடக்கிறது என்று அவர் விரித்துச் சொல்கிறார். இதை 42, 43ஆம் பாடல்களோடு பொருத்திப் பார்த்தால் உள்ளத் தளர்ச்சியின் இயல்பு விளங்கும். தளர்ந்த உள்ளம் நினைவில் சிக்கிக்கொள்கிறது. அதற்கு எதிர்பார்ப்பு என்பதே இல்லாமல் போகிறது. பாடல் அதைக் கையைப் பிடித்து நினைவிலிருந்து கவனத்துக்கும், கவனத்திலிருந்து எதிர்பார்ப்புக்கும் நடத்துகிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பல்லவி அதே சொற்களோடு நிற்கிறது. முழுப் பாடலையும் வரிசையாகச் சொல்பவர் இந்த நடையைத் தாமே நடக்கிறார். ஒரு வசனத்தை மட்டும் எடுப்பவருக்கு இந்த நடை கிடைக்காது.

தன் உள்ளத்தை நோக்கியே பேசுவது தமிழருக்குப் புதிதில்லை. திருக்குறளில் 125ஆம் அதிகாரம் நெஞ்சொடு கிளத்தல். பட்டினத்தாரும் தாயுமானவரும் நெஞ்சை விளித்துப் பாடியதை நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆகவே இந்தப் பாடலின் பல்லவி தமிழ்க் காதுக்கு உடனே நெருக்கமாகிவிடுகிறது. அந்த நெருக்கத்தோடு ஒரு தனித்தன்மையையும் கவனிக்க வேண்டும். இங்கே நெஞ்சோடு பேசும் பேச்சு கடவுளின் செவிபட நடக்கிறது. பல்லவிக்கு முன்னும் பின்னும் கடவுளோடு பேச்சு. நடுவே உள்ளத்தோடு பேச்சு. 62ஆம் பாடலிலும் இதே அமைப்பைக் காணலாம். அதன் முதல் வசனத்தில் பாடகர் தன் உள்ளம் கடவுளிடத்தில் மட்டுமே அமைதியாகக் காத்திருக்கிறது என்று நடப்பதைச் சொல்கிறார். நான்கு வசனங்கள் தாண்டி, பகைவரின் சூழ்ச்சியைச் சொன்ன பிறகு, 5ஆம் வசனத்தில் அதையே தன் உள்ளத்துக்குக் கட்டளையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கைவந்த அமைதி நான்கு வசனங்களுக்குள் நழுவிவிட்டது. அதை மீண்டும் கேட்டுப் பெற வேண்டும். 103ஆம் பாடல் கடவுளைப் போற்றும்படி உள்ளத்தைத் தூண்டுகிறது; 116ஆம் பாடல் தன் இளைப்பாறுதலுக்குத் திரும்பும்படி உள்ளத்தைக் கூப்பிடுகிறது. உள்ளம் தானாக எங்கும் நிலைக்காது, அதைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இந்தப் பாடகர்களுக்குத் தெரிந்த செய்தி.

இப்படிப் படிப்பதற்குக் கற்றறிந்தவர்கள் எழுப்பும் முதல் எதிர்ப்பு வலுவானது. இவை பழைய இஸ்ரயேலின் கோவில் வழிபாட்டுப் பாடல்கள். பாடகர் குழு இசைக் கருவிகளோடு பாடியவை. தனிமனித உள்ளாய்வுக்காக எழுதப்பட்டவை இல்லை. இன்றைய உளவியலை அவற்றில் ஏற்றுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி என்பது அந்த வாதம். வாதத்தின் முதல் பகுதி முழுக்க உண்மை. கோராகியர் கோவில் பணியாளர்கள்தாம். பாடகர் ஏங்குவதும் தனிமையான குகைக்காக இல்லை, திருவிழாக் கூட்டத்துக்காக. ஆனால் இதிலிருந்து வரும் முடிவு சரியில்லை. நான் என்று பேசும் ஒரு பாடலைக் கோவிலில் பலர் சேர்ந்து பாடினார்கள் என்றால், ஒருவரின் உள்ளத்தை எல்லாரும் தம் வாயில் எடுத்துக்கொள்ளும் வழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது என்றுதானே பொருள்? 4ஆம் நூற்றாண்டில் அத்தனாசியார் மர்செல்லினுக்கு எழுதிய மடலில், திருப்பாடல்களைச் சொல்பவருக்கு அவை கண்ணாடியாகித் தன் உள்ளத்தின் அசைவுகளையே காட்டும் என்றார். 5ஆம் நூற்றாண்டில் காசியன் எழுதிய உரையாடல்களில் ஈசாக்கு என்ற துறவி, பாடலைத் தாமே இயற்றியதுபோல் பாட வேண்டும் என்று கற்பிக்கிறார். கால்வின் 1557இல் தம் விளக்கவுரையின் முன்னுரையில் திருப்பாடல் நூலை ஆன்மாவின் எல்லாப் பகுதிகளுக்குமான உடற்கூறு நூல் என்று அழைத்தார். கீழைத் திருச்சபை, துறவு மடம், சீர்திருத்த இயக்கம் என்று ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மூன்று மரபுகள் இதில் ஒத்துப்போகின்றன. உள்நோக்கிய வாசிப்பு நேற்று முளைத்ததில்லை.

இரண்டாம் எதிர்ப்பு, இது வெறும் தன்னூக்கம், தனக்குத் தானே தெம்பு சொல்லிக்கொள்வதற்குக் கடவுள் எதற்கு என்பது. தன்னூக்கம் எப்படிப் பேசும் என்று பார்த்தால் வேறுபாடு புரியும். அது நிலைமை நன்றாக இருக்கிறது, நான் வலிமையாக இருக்கிறேன் என்று சொல்லும். பாடல் அப்படி எதையும் சொல்வதில்லை. நிலைமை நன்றாக இல்லை என்பதைத்தான் அது விரிவாகச் சொல்கிறது. உள்ளத்துக்கு அது தரும் கட்டளை ஒன்றே: உனக்கு வெளியே இருப்பவரை நம்பியிரு. தரும் உறுதியும் ஒன்றே: இன்னும் அவரைப் புகழ்வேன். புகழும் நாள் எப்போது வரும் என்பதைப் பாடகர் குறிப்பிடவில்லை. குறிப்பிட அவரால் முடியாது. கடவுளை நம்பாத ஒருவர் இந்தப் பாடலிலிருந்து மனத்தை ஆள்வதற்கான நல்ல உத்தி ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அவர் பாடலின் நடுப்பகுதியை விட்டுவிட வேண்டியிருக்கும். ஏன் மறந்துவிட்டீர் என்று கேட்க ஓர் ஆள் எதிரே இருக்க வேண்டும்.

மூன்றாம் எதிர்ப்பு ஆன்மிகத்தில் ஆழ்ந்தவர்களிடமிருந்து வருவது. உள்ளுணர்வின் பாதை எண்ணங்களை ஒடுக்கி மௌனத்துக்குப் போவது. இந்தப் பாடலோ புலம்பலும் நினைவும் கேள்வியுமாக இரைகிறது. மௌனத்தை நாடுபவருக்கு இது தடைதானே என்பார்கள். மௌனமே இலக்கு என்பதில் எனக்கு முரண்பாடு இல்லை. 12ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் குய்கோ, படித்தல், சிந்தித்தல், மன்றாடுதல், காட்சியில் நிலைத்தல் என்று நான்கு படிகளை வகுத்தார். முதல் மூன்று படிகளும் சொற்களால் ஆனவை. நான்காவதை எட்டுவது அவற்றின் மீது ஏறித்தான். இரைந்துகொண்டிருக்கும் உள்ளத்தை இரையாதே என்று அதட்டினால் அது அடங்குவதுபோல் நடிக்கும். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த உள்ளத்தின் மௌனம் வேறு, வாயடைக்கப்பட்ட உள்ளத்தின் மௌனம் வேறு. முதலாவதில் ஓய்வு இருக்கும். இரண்டாவதில் இறுக்கம் இருக்கும். ஒடுக்கத்தின் தொடக்க நாள்களில் இந்த இறுக்கத்தை அமைதி என்று எண்ணிக்கொள்பவர்கள் பலர். அவர்களுக்கு முதலில் தேவைப்படுவது முறையிட அனுமதி.

நான்காம் எதிர்ப்பை நான் மற்ற மூன்றையும்விடப் பெரிதாக மதிக்கிறேன். மனச்சோர்வு நோயில் இருப்பவரிடம் இந்தப் பல்லவியைக் கொடுத்தால், ஏன் தளர்ந்தாய் என்ற கேள்வி குற்றச்சாட்டாக மாறிவிடாதா? உனக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்வதற்கு அது கருவியாகிவிடாதா? ஆகும், ஆகியும் இருக்கிறது. அதற்கான மாற்றும் பாடலுக்குள்ளேயே இருக்கிறது. பாடகர் இந்தக் கேள்வியைத் தன் உள்ளத்திடம் மட்டுமே கேட்கிறார். அடுத்தவரின் உள்ளத்திடம் கேட்கவில்லை. அடுத்தவர் கேட்கும் கேள்விகள் பாடலில் உண்டு. அவை பகைவரின் ஏளனமாகத்தான் வருகின்றன. எனவே வழிநடத்துபவர் பல்லவியை எடுத்து மற்றவரை நோக்கி நீட்டினால் அவர் நிற்பது பகைவரின் பக்கம். தூக்கமும் பசியும் கெட்டு வாழும் விருப்பமே வற்றியவரை மருத்துவரிடம் அனுப்புவதும் இந்தப் பணியின் பகுதிதான். செபம் மருந்தின் இடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. பல்லவியைச் சொல்லவே முடியாதவருக்கும் திருநூலில் இடம் உண்டு. அதே கோராகியர் பெயரால் வரும் 88ஆம் பாடலில் நம்பிக்கைப் பல்லவி கிடையாது; அது இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. இரண்டையும் ஒரே தொகுப்பில் வைத்தவர்கள் மனித உள்ளத்தை அறிந்தவர்கள்.

பகைவரைப் பற்றியும் ஒரு சொல். பகைவர் என்றால் நம் தீய எண்ணங்கள் என்று கொள்வது தொடக்கத் திருச்சபை அறிஞர் ஒரிகன் காலத்திலிருந்தே வரும் மரபு. 137ஆம் பாடலின் கொடிய முடிவைக்கூட, எண்ணங்களை முளையிலேயே கிறிஸ்துவில் மோதி உடைப்பதாகப் புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்குநூல் எடுத்துக்கொள்கிறது. பயிற்சிக்கு இது உதவும். ஆனால் எல்லாப் பகைவரையும் மனத்துக்குள் கரைத்துவிட்டால், உண்மையாகவே ஒடுக்கப்பட்டவரின் முறையீட்டை நாம் பறித்துவிடுகிறோம். 43ஆம் பாடலின் முதல் விண்ணப்பம் நீதிக்கானது. நிலத்தையோ கூலியையோ மானத்தையோ இழந்தவர் அதைச் சொல்லும்போது பகைவர் வெளியேதான் இருக்கிறார். அவரை அங்கேயே இருக்கவிட வேண்டும். அகத்தைத் தேற்றுவதாகச் சொல்லி அநீதியை மறக்கச் செய்யும் வாசிப்பு இந்தப் பாடலுக்கு உண்மையானதாக இருக்க முடியாது.

இனிப் பயிற்சி. முதலில் இரண்டு பாடல்களையும் ஒரே பாடலாக, வாய்விட்டு, இடைநில்லாமல் படிக்க வேண்டும். எபிரேயப் பாடலின் வசனம் பெரும்பாலும் இரண்டு பாதிகளால் ஆனது. ஒன்று சொன்னதை மற்றொன்று திருப்பியோ நீட்டியோ சொல்லும். துறவு மடங்களில் பாடுவோர் அந்த இரண்டு பாதிகளுக்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளி விடுவார்கள். அந்த இடைவெளியைத் தனியாகப் படிப்பவரும் விட வேண்டும். வேகத்தைக் குறைக்க அதைவிட எளிய வழி இல்லை. இரண்டாம் முறை படிக்கையில் பேச்சு யாரை நோக்கி இருக்கிறது என்பதை மட்டும் கவனிக்கலாம்: இது கடவுளிடம், இது கடவுளைப் பற்றி, இது உள்ளத்திடம். மூன்றாம் முறை மூன்று பகுதிகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். எந்த வசனத்தை நாக்கு வேகமாகத் தாண்ட விரும்புகிறதோ அங்கேதான் வேலை இருக்கிறது. ஆழ்ந்த விசுவாசிகள் பலர் ஏன் மறந்துவிட்டீர் என்ற வசனத்தில் அவசரப்படுவார்கள்; கசந்துபோனவர்கள் பீடத்தையும் யாழையும் பற்றிய வசனத்தில் அவசரப்படுவார்கள். பல்லவி வரும்போது அதை மூச்சோடு இணைத்து, ஒரு மூச்சுக்கு ஒரு சொல்லாகச் சொல்லலாம். புனித இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சிகள் என்ற நூலில் மூன்றாம் செப முறை இதுதான். செபம் முடிந்ததும் கால் மணி நேரம் என்ன நடந்தது என்று திரும்பிப் பார்க்கவும், ஆறுதலோ வறட்சியோ மிகுந்து உணர்ந்த இடத்துக்கே அடுத்த முறை திரும்பிப் போகவும் அவர் சொல்கிறார். ஒரே பல்லவி மும்முறை திரும்பும் இந்தப் பாடலுக்கு இது மிகவும் பொருந்தும்.

1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற அந்தச் சிறு நூலில் வறட்சிக் காலத்துக்கான விதிகளும் இருக்கின்றன. வறட்சியில் இருக்கும்போது முன்பு எடுத்த முடிவை மாற்றாதே, செபத்தைச் சுருக்காதே, குறித்த நேரத்துக்குச் சற்று மேலேயே இரு, பொறுமையைக் கைவிடாதே, ஆறுதல் திரும்பும் என்று எண்ணு. இந்த விதிகளைப் படித்துவிட்டு 42ஆம் பாடலுக்குத் திரும்பினால், பல்லவி ஏன் ஏறக்குறைய மாறாமலே திரும்பி வருகிறது என்பது விளங்கும். உள்ளம் மாறிக்கொண்டேயிருக்கும்போது சொல் மாறாமல் நிற்க வேண்டியிருக்கிறது. பலன் தெரியவில்லை என்று பல்லவியை மாற்றிக்கொண்டே போனால், நாளொரு வசனமும் பொழுதொரு முறையுமாக அலைந்து, எதிலும் வேர் பிடிக்காமல் போவோம். ஆன்மிகப் பயிற்சி என்று நாம் அழைப்பதன் பெரும்பகுதி, நேற்று பலிக்காததுபோல் தோன்றிய அதே சொல்லை இன்றும் உண்மையோடு சொல்வதில்தான் இருக்கிறது.

ஆகவே வாசகர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. உங்கள் கையில் இருக்கும் திருவிவிலியம் எந்தச் சபையினுடையதானாலும் சரி, 42, 43ஆம் பாடல்களைப் பிரிக்காமல் சேர்த்துப் படியுங்கள். ஆறுதல் வசனத்தை மட்டும் அடிக்கோடிட்டு வைத்திருந்தால், அதற்கு முந்திய வசனத்தையும் பிந்திய வசனத்தையும் இன்று படித்துவிடுங்கள். புலம்பலைத் தாண்டாதீர்கள், பல்லவியை அடுத்தவருக்கு அறிவுரையாகச் சொல்லாதீர்கள், உங்கள் உள்ளத்துக்கு நீங்களே சொல்லுங்கள். ஒரு வாரம் இந்த ஒரு பாடலோடு மட்டும் இருங்கள். மனம் தேறியதா என்று தினமும் அளந்து பார்க்க வேண்டாம். வாரக் கடைசியில் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டால் போதும்: தளர்ந்திருந்த நேரத்தில் என் பேச்சு யாரை நோக்கி இருந்தது?